சிரித்தால் தவளை

உங்களில் யாருக்காவது இந்த வயதிலும் படுத்தவுடன் தூக்கம் வருகிறதா? வந்தால் தயவுசெய்து கையைத் தூக்காதீர்கள், எங்களுக்கு வயிறு எரியும். நம் வயதுக்காரர்கள் கூடினால் முன்பெல்லாம் பிள்ளைகளின் படிப்பைப் பேசினோம், பிறகு அவர்களுடைய கல்யாணத்தைப் பேசினோம், இப்போது தூக்கத்தைப் பேசுகிறோம். போன வாரம் கோயில் அன்னதானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தூங்குவதற்குத் தான் செய்திருக்கும் ஏற்பாடுகளை அடுக்கினார். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, காதுக்குப் பஞ்சு, அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. அப்படியும் தூக்கம் வரவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தேன் என்று அவரிடம் சொல்வதற்குள் பாயசம் வந்துவிட்டதால், உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் பாசிர் கூடாங் என்ற ஆலை நகரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ரசாயன ஆலையில் ஷிஃப்ட் வேலை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதைப் பொறுத்து, ஒரு நாள் செம்பனை எண்ணெய் காய்ச்சும் வாசம் வரும், இன்னொரு நாள் பெயர் தெரியாத ஏதோ ஒன்று மூக்கைப் பிடித்து இழுக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முகத்தைச் சுளித்தால் எங்களுக்குக் கோபம் வரும். எங்கள் ஊர் நாற்றத்தை நாங்கள் திட்டலாம், மற்றவர்கள் திட்டக் கூடாது.

அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட் வந்துவிட்டால் வீட்டில் அம்மாவின் ஆட்சி ஆரம்பமாகிவிடும். காலையில் மோட்டார் சைக்கிளை வாசலுக்கு முன்பே அணைத்து, தள்ளிக்கொண்டு வருவார் அப்பா. குளித்து, பசியாறி, படுக்கப் போவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் குதிகாலை ஊன்றக் கூடாது. அம்மா டெலிபோனைத் துண்டில் சுற்றிவைப்பார். இரும்புக் கேட்டின் கீலுக்குச் சமையல் எண்ணெய் விடுவார். ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரை வழிமறிக்க, அவர் வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் போய் நின்றுவிடுவார். அந்த மனிதர் எங்கள் வீட்டை மட்டும் மோட்டாரை நிறுத்தித் தள்ளிக்கொண்டே கடந்து போவார், பாவம்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டு வரிசையில் இருந்த ஒருவர் இரவு வேலை முடிந்து வரும்போது மோட்டாரிலேயே கண் அசந்து, சாக்கடையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பயம். அப்பாவின் தூக்கத்துக்காகவே, லோரிகள் ஓடிக்கொண்டிருக்கும் மெயின் ரோட்டோர வீட்டை விட்டு, தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பின் உள்ளே கோடியில் இருந்த ஓர் அமைதியான வீட்டுக்கு எங்களை மாற்றினார். படுக்கையறையில் கிறீச் கிறீச் என்று சுற்றிய பழைய மின்சாரக் காத்தாடியை நிறுத்திவிட்டு, சத்தமே போடாத புதுக் காத்தாடி ஒன்றை வாங்கி வைத்தார்.

ஆனால் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா சரியாகத் தூங்கவே இல்லை. பட்டப்பகலில் திடுக்கென்று எழுந்து கதவைத் திறந்துகொண்டு வருவார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். இடுப்பில் நழுவும் சாரோங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்.

“எது நின்னுச்சு?”

“ஒன்னும் இல்லீங்க, கனவு கண்டிருப்பீங்க. போய்ப் படுங்க” என்பார் அம்மா. அப்பா படுத்தாலும் பிறகு தூக்கம் வராது. மழை கொட்டுகிற நாளில் மட்டும் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். குளிர்ச்சிதான் காரணம் என்று அம்மா முடிவு செய்திருந்தார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஆண்டு இறுதி விடுமுறையில் அத்தை மகன் பக்கத்து நகரமான ஜேபியிலிருந்து வந்து இறங்கினான், கையில் ஒரு பெட்டியோடு. அவனுடைய அப்பா தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே யாரோ வீடு மாறும்போது கழித்துப் போட்ட சாமான்களில் இந்தப் பெட்டி கிடைத்ததாம். மேலே டிராகன் படம். உள்ளே விதவிதமான பகடைகள், நான்கு முகத்தில் ஒன்று, இருபது முகத்தில் ஒன்று. கண்ணாடி மிட்டாய் மாதிரி மின்னும். வாயில் போட்டுப் பார்த்தேன் என்று இப்போது சொன்னால் என்ன செய்துவிடப் போகிறீர்கள்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். “முன்னால் ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்கிறாய்?” என்று கதைசொல்லி கேட்பார். “உதைக்கிறேன்” என்று நீங்கள் சொல்லலாம். கதவு உடையுமா, உங்கள் கால் உடையுமா என்பதைப் பகடை சொல்லும். விதிமுறைப் புத்தகம் பெட்டியில் இருந்தது. ஆனால் விளையாட வேண்டிய கதைப் புத்தகத்தைக் காணோம்.

“கதை இல்லன்னா என்ன, நாமே எழுதுவோம் லா” என்றாள் கடைக்காரர் மகள். மூலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் கடைசிப் பெண், என் வகுப்புத்தோழி. குரல் கணீரென்று இருக்கும், சிரிப்பு அதைவிடக் கணீர். அவள் வீட்டில் கடைச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேசிப் பழகியவள். அவளை எங்கள் வீட்டுக்குள் விடுவதே அம்மாவுக்குப் பெரிய துணிச்சல்.

எழுத அப்பாவே தாள் கொண்டுவந்து தந்திருந்தார். ஆலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அச்சடித்துக் கழித்துப் போட்டது, இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டி மடிந்து மடிந்து போகும் நீளத் தாள். முன்பக்கம் பச்சைக் கோடும் புரியாத எண்களும் இருக்கும், பின்பக்கம் வெள்ளை. எங்கள் கதை சமையலறையில் ஆரம்பித்து ஹால்வரை தரையில் நீண்டு போனது. மறந்துபோனதைப் பார்க்க வேண்டுமென்றால் தவழ்ந்துதான் போக வேண்டும்.

எழுதுவதற்கு ஒரே சட்டம். அடுத்தவர் எழுதியதை அடிக்கக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் ‘ஆனால்’ என்று ஆரம்பித்து அடுத்த வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். அத்தை மகன் தன் பாத்திரத்தைப் பற்றி, “அவன் மாவீரன், எதற்கும் அஞ்சாதவன்” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதினான். “ஆனால் கோழிக்கு மட்டும் அஞ்சுவான்” என்று எழுதினாள் கடைக்காரர் மகள். “ஆனால் அந்த நாட்டில் எல்லாக் கதவிலும் ஒரு கோழி கட்டியிருக்கும்” என்று நான் முடித்தேன். அவன் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

என் பாத்திரம் ஓர் இளவரசி. தன்னைக் காப்பாற்ற வருகிற அரசகுமாரர்களை எல்லாம் ஆலை பஸ்ஸில் ஏற்றி, அவரவர் ஷிஃப்டுக்கு நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறவள். கடைக்காரர் மகளுடையவள் தே தாரேக் தேநீரை இழுத்து இழுத்து ஆற்றும் சூனியக்காரி. ஒரு குவளை மலையுச்சியில், ஒரு குவளை பள்ளத்தாக்கில். நடுவில் இழுபடும் தேநீரில் சறுக்கிக்கொண்டு நாங்கள் இறங்கிவிடலாம். ஆனால் சீனி அதிகமாதலால் பாதி வழியில் ஒட்டிக்கொள்வோம். அந்த ‘ஆனால்’ அத்தை மகனுடையது, கோழிக்குப் பழிவாங்க.

இப்படி எழுதினால் சிரிப்பு வராதா? பக்கத்து அறையில் அப்பா தூங்குகிறார். அதனால் இன்னொரு சட்டமும் போட்டோம். யார் சத்தமாகச் சிரித்தாலும் அவருடைய பாத்திரம் தவளையாகிவிடும். தவளைக்குப் பேச்சில்லை. ஒரு சுற்று முழுவதும் கன்னத்தை உப்பிக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். பகடையை உருட்ட, பிஸ்கெட் டின்னுக்குள் அப்பாவின் பழைய சாரோங்கை மெத்தையாகப் போட்டோம். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஒருவர் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அடுத்தவருக்குச் சிரிப்பு வரும் என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. சற்று நேரத்தில் மூன்று பேரும் தவளையாகி, கதை சொல்ல ஆளில்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்த அந்தச் சிரிப்பு மாதிரி பிறகு எந்தச் சிரிப்பும் எனக்கு வாய்க்கவில்லை.

கதையின் கடைசியில் ஒரு பூதம். நைட் ஷிஃப்ட் பூதம். மீசை உண்டு, மிளகாய்ப் பழக் கண் உண்டு, இடுப்பில் சாரோங் உண்டு. பொக்கிஷப் பெட்டிமேல் தலைவைத்துத் தூங்கும். அதை எழுப்பாமல் பெட்டியை எடுக்க வேண்டும். எழுந்தால், “எது நின்னுச்சு?” என்று கர்ஜித்து, எதிரில் இருப்பவர்களை விழுங்கிவிடும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. அத்தை மகன் தங்கம் என்றான், கடைக்காரர் மகள் மந்திரக்கோல் என்றாள், எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டுவைத்தோம்.

அதற்குள் அம்மாவின் பொறுமை போய்விட்டது. அப்பா ஒரு நாள் பாதியில் எழுந்து வந்து, தூங்காமலேயே மறுபடி வேலைக்குக் கிளம்பினார். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் தலை மறையும்வரை நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தார்.

“தாயக்கட்டைய உருட்டிக்கிட்டு, கீகீன்னு சிரிச்சுக்கிட்டு! இன்னொரு தடவ அவரு பாதியில எழுந்தாரு, இந்தப் பெட்டி குப்பைக்குப் போயிடும். நீயும் ஜேபிக்குப் பஸ் ஏறு.”

“அத்தை, நாங்க மெதுவாதான் சிரிக்கிறோம் அத்தை” என்றான் அவன்.

“மெதுவாக்கூட சிரிக்காதீங்க.”

எனக்கு அழுகை வந்தது. பெட்டிக்காக மட்டுமல்ல. என் சிரிப்பு அப்பாவை மோட்டாரிலிருந்து கீழே தள்ளிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். அன்றிரவு சாமி படத்தின் முன்னால் நின்று, இனிமேல் எனக்குச் சிரிப்பே வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

சாமி அதைக் கேட்கவில்லை. மூன்று தலைப் பாம்பை எழுதிய நாளில் மாட்டிக்கொண்டோம். அந்தப் பாம்புக்குத் தலை மூன்று, வயிறு ஒன்று. மலாய் பேசும் தலைக்கு நாசி லெமாக் வேண்டும், தமிழ் பேசும் தலைக்குத் தோசை வேண்டும், இங்கிலீஷ் பேசும் தலைக்கு சாண்ட்விச். எங்களில் யாரைத் தின்பது என்பதைவிட, தின்றபிறகு மேலே என்ன சாப்பிடுவது என்பதில்தான் அவற்றுக்குச் சண்டை. கடைக்காரர் மகள் மூன்று குரலிலும் மாறி மாறிக் கிசுகிசுத்தாள். “ஹலோ, மை டியர், ரெண்டு தோசைக்கு நடுவுல எத வச்சாலும் அதுவும் சாண்ட்விச்தான்” என்றது இங்கிலீஷ் தலை. “அலமாக்! சாம்பாருக்கு எங்க போவ?” என்றது தமிழ்த் தலை. அத்தை மகன் வெடித்தான். நான் வெடித்தேன். அவளுடைய கணீர்ச் சிரிப்பு வீடெங்கும் முழங்கியது. நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டோம். வீடு சட்டென்று அடங்கியது. குழாயில் சொட்டும் தண்ணீர்கூடக் கேட்டது. அப்போதுதான் அறைக் கதவு திறந்தது.

“எது நின்னுச்சு?”

அப்பா எங்களைத் திட்டவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, வெளியில் போய் உட்கார்ந்துவிட்டார். அம்மா பெட்டியை அலமாரிமேல் தூக்கி வைத்தார். அத்தைக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பையனை அழைத்துப்போகச் சொல்லிவிட்டார். கதை முடியாமலே முடிந்துவிட்டது.

சனிக்கிழமை அப்பாவுக்கு ஓய்வு நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தரையில் சுருட்டி வைத்திருந்த தாளைப் பார்த்தார். அம்மா, “சூதாட்டம் கத்துக்கிறாங்க உங்க தாள்ல” என்றார். அப்பா தாளைப் பிரித்து, குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து படித்தார். கோழிக்குச் சிரித்தார். பஸ் ஓட்டும் இளவரசிக்குச் சிரித்தார். கடைசி மடிப்புக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இந்தப் பூதம் யாரு?”

நாங்கள் மூவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு தவளையானோம்.

“பூதத்துக்கு எதுக்குப் பாப்பா சாரோங்கு?”

“அங்கிள், பூதத்துக்கும் வேர்க்கும்ல” என்றாள் கடைக்காரர் மகள்.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். “சரி, இந்தப் பூதம் நானே. நான் என்ன செய்யணும்?”

“தூங்கணும் மாமா. அது ஒன்னுதான் வேல.”

“அத மட்டும் செய்ய விட மாட்டேங்கிறீங்களே” என்று சொல்லிக்கொண்டே, ஹாலில் ஒரு தலையணையைப் போட்டுப் படுத்து, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டார். பெட்டியை அவரே அலமாரிமேலிருந்து எடுத்துக் கொடுத்திருந்ததால் அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தேநீர் போடப் போனார்.

பூதம் விழித்துத்தானே இருக்கிறது, அதனால் அன்று சத்தத்துக்குத் தடையில்லை. பகடையை வெறும் டின்னிலேயே உருட்டினோம், கடகடவென்று. கோழிகள் கத்தின. மூன்று தலைப் பாம்பு இந்த முறை முழுக் குரலில் சண்டை போட்டது. நாங்கள் தரையில் புரண்டு சிரித்தோம். நடுவில் பூதத்தின் குறட்டை கேட்டது.

“மாமா சூப்பரா நடிக்கிறாரு லா” என்றான் அத்தை மகன்.

தட்டோடு வந்த அம்மா அப்பாவின் காலைப் பார்த்தார். நிஜமாகத் தூங்கினால்தான் அப்பாவின் பெருவிரல் லேசாகத் துடிக்கும், அது அம்மாவுக்குத்தான் தெரியும். உடனே உதட்டில் விரலை வைத்து, “ஷ்ஷ்!” என்றார். நாங்கள் அப்படியே உறைந்துபோனோம். பகடை நின்றது, பாம்பு நின்றது, வீடு அடங்கியது.

அப்பா கண்ணைத் திறந்து, பாதி எழுந்தார். “எது நின்னுச்சு?”

கடைக்காரர் மகளுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. விட்ட இடத்திலிருந்து இங்கிலீஷ் தலையின் குரலில் சாண்ட்விச் கேட்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா அதைக் கேட்டார். “ம்ம்” என்றார். தலையணையில் சாய்ந்தார். குறட்டை திரும்பவும் வந்தது.

அம்மா அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். நிறுத்தினோம். அப்பாவின் கண் திறந்தது. அம்மா கையை இறக்கினார். பாம்பு கத்தியது. கண் மூடிக்கொண்டது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தார், அதே கதைதான். அதற்குப் பிறகு தட்டில் இருந்த குவளைகள் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தன. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அத்தை தவளை! அத்தை தவளை!” என்று கத்தினான் அத்தை மகன். அப்பா புரண்டு படுத்தார்.

அவர் எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அந்த வீட்டில் அவர் அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. ஆறிப்போன தேநீரைச் சூடாக்கிக் கொடுத்துக்கொண்டே அம்மா கேட்டார்.

“ஏங்க, எப்பப் பாரு எது நின்னுச்சு, எது நின்னுச்சுங்கிறீங்களே, எதக் கேக்குறீங்க?”

“ஆலையில இருக்கிற கம்ப்ரெசர்தான், வேற என்ன” என்றார் அப்பா, இதுகூடத் தெரியாதா என்பதுபோல். “அது ராவெல்லாம் காது கிழியிற மாதிரி ஓடும். ஓடுற வரைக்கும் பயமில்ல. அது நின்னாதான் நாங்க எந்திரிச்சு ஓடணும்.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெயின் ரோட்டோர வீடு, லோரிகள், பழைய காத்தாடி, தெருமுனையில் வழிமறித்த ரொட்டிக்காரர், எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயிருக்க வேண்டும். அத்தனை அன்போடு பார்த்துப் பார்த்து அப்பாவின் தூக்கத்தை அவரே கெடுத்திருக்கிறார். அன்று எனக்கு அது வெறும் வேடிக்கை. இப்போது நினைத்தால் அம்மாவைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. என் சிரிப்பு யாரையும் கீழே தள்ளாது என்று தெரிந்ததில் நான் ரெக்கை முளைத்ததுபோல் வீட்டைச் சுற்றி ஓடினேன்.

அம்மா படுக்கையறைக்குப் போய் பழைய காத்தாடியின் சுவிட்சைத் தட்டிவிட்டார். கிறீச், கிறீச். திரும்பி வந்து, தாளின் கடைசி மடிப்பில் வெறுமையாக இருந்த வரியைக் காட்டினார்.

“இதுல என்ன?”

“பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு இன்னும் முடிவு பண்ணல அத்தை.”

“ஒரு பழைய காத்தாடின்னு எழுது. பூதம் அதப் போட்டுக்கிட்டு நிம்மதியாத் தூங்குச்சு.”

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். யாருக்கும் ‘ஆனால்’ வரவில்லை.

மறுநாள் வந்த அத்தைக்குச் சாப்பாடு போட்டு, தனியாகத் திருப்பி அனுப்பினார் அம்மா. மிச்ச விடுமுறையில் நாங்கள் களைத்துப்போய்ச் சற்று அமைதியாக உட்கார்ந்தால் போதும், சமையலறையிலிருந்து அதட்டல் வரும். “என்ன சத்தத்தையே காணோம்? அவரு தூங்குறாருல்ல, சிரிங்க!” கட்டளைக்குச் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். ரொட்டிக்காரர்தான் குழம்பிப்போனார். எங்கள் வீட்டு வாசலில் நின்று நன்றாக ஹாரன் அடிக்கச் சொல்லி, அம்மாவே அவரிடம் கேட்டுக்கொண்டார்.

அந்த நீளத் தாள் வீடு மாறிய களேபரத்தில் எங்கேயோ போய்விட்டது. பகடைகளில் இருபது முகமுள்ளது மட்டும் என் தையல் டப்பாவில் பொத்தான்களோடு கிடக்கிறது. மாவீரன் இப்போது தாத்தாவாகிவிட்டான், கோழிக் கறி என்றால் இரண்டு தட்டு சாப்பிடுவான். சூனியக்காரி கடையைத் தானே நடத்துகிறாள். அம்மாவும் அப்பாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். அப்பா வேலையை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது, அவர் காது மட்டும் இன்னும் விடவில்லை.

நேற்று மத்தியானம் எங்கள் தாமானில் கரண்ட் போனது. காத்தாடி மெதுவாகச் சுற்றி நின்றது. வீடு அடங்கியது. அறையிலிருந்து குரல் வந்தது.

“எது நின்னுச்சு?”

நான் பதில் சொல்வதற்கு முன்பே சமையலறையிலிருந்து அம்மா கத்தினார். “பாப்பா, அப்பா எந்திரிச்சிரப் போறாரு! சத்தம் போடு!”

நான் கதவருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மூன்று தலைக்கும் ஒருத்தியாகவே கத்த ஆரம்பித்தேன். தமிழ்த் தலை சாம்பார் கேட்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. கரண்ட் வரும்வரை நான் நிறுத்தவில்லை.